படக்காட்சி பார்த்து அன்றாட ஆங்கிலச் சொற்கள் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாலை நேரப் பேச்சு ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்கள் பல வகை. சுவாமிமலையில் சிலைக் கடையில் நிற்பவர், கூத்தாநல்லூரிலிருந்து வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பவர், தஞ்சாவூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிப்பவர், பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங்கில் வாய் திறக்கவேண்டும் என்று வந்த அம்மா. படம் பார்த்து ஆங்கிலம் கற்பது பற்றி மட்டும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

சும்மா இங்கிலீஷ் படமா பாத்துக்கிட்டே இருந்தா இங்கிலீஷ் வந்துடுமா சார்?

வராது. இரண்டு மணி நேரப் படத்தைக் கதைக்காகப் பார்க்கும்போது உழைப்பது கண் மட்டும்தான். யார் யாரைத் துரத்துகிறார், யாருக்கு யார் மேல் கோபம் என்பதெல்லாம் வசனம் புரியாமலே விளங்கிவிடும். படம் முடிந்ததும் கதையைச் சொல்லச் சொன்னால் அரை மணி நேரம் சொல்வீர்கள். வசனம் ஒன்று சொல்லுங்கள் என்றால் திணறுவீர்கள்.

காட்சியாகப் பிரித்துப் பார்த்தால் பயன் உண்டு. ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டரை நிமிடம். அதையே நாலைந்து முறை. அலுக்கும், தெரியும். பாட்டை மட்டும் நூறு தடவை கேட்கிறோமே, வசனத்தையும் அப்படிக் கேட்டால் என்ன?

எந்த மாதிரி வார்த்தைகளைப் பிடிக்கணும்? கஷ்டமான வார்த்தைகளா?

நான் நின்று பேச விரும்புகிற கேள்வி இதுதான்.

நம்மிடம் ஆங்கிலச் சொல் இல்லை என்று யார் சொன்னது? காலையில் எழுந்ததிலிருந்து எண்ணிப் பாருங்கள். பிரஷ், பேஸ்ட், ஸ்டவ், குக்கர், பஸ் ஸ்டாண்டு, டிக்கெட், மோட்டார், கரண்ட், ஃபியூஸ், டிராக்டர், லோன், ஃபார்ம், ஜெராக்ஸ், ரேஷன். பள்ளிக்கூடப் பக்கமே போகாத பாட்டி வாயில்கூட இவை சரளமாக வரும். ஆனால் எல்லாம் பெயர்ச்சொல். வினை என்று வந்ததும் தமிழுக்குத் திரும்பிவிடுகிறோம்: மோட்டாரைப் போடு, பஸ்ஸைப் பிடி, ஃபார்மை நிரப்பு. ஆங்கில வினையை எடுத்தாலும் பின்னால் ஒரு ‘பண்ணு’ ஒட்டிக்கொள்கிறது: டிரை பண்ணு, கேன்சல் பண்ணு. அதனால்தான் முழு வாக்கியம் பேசவேண்டிய இடத்தில் பூவெல்லாம் கையில் இருந்தும் கட்ட நார் இல்லாதவர் மாதிரி நிற்கிறோம்.

‘போடு’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போடு, சட்டை போடு, காபி போடு, கையெழுத்து போடு, ஊசி போடு, சாப்பாடு போடு, தாழ்ப்பாள் போடு, உரம் போடு. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி வினை. மோட்டாருக்கு டர்ன் ஆன். சட்டைக்கு புட் ஆன். காபிக்கு மேக். கையெழுத்துக்கு சைன். ஊசியை கிவ், சாப்பாட்டை சர்வ், கதவை லாக், உரத்தை அப்ளை. அகராதியை வைத்து இதை மனப்பாடம் செய்வது மண்டையிடி. காட்சியில் அப்படி இல்லை. நடிகரின் கை சுவிட்சுக்குப் போகும்போது வாய் “டர்ன் இட் ஆஃப்” என்கிறது. கையும் வாயும் ஒன்றாகப் பதிகின்றன. இந்த வேலைக்குப் படத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

நம்முடைய ‘போடு’ போல அவர்களுக்கு ‘கெட்’. காலிங் பெல் அடித்தால் “ஐல் கெட் இட்” என்பார்கள், நான் போய்த் திறக்கிறேன் என்று பொருள். காரில் ஏறு என்பதற்கு “கெட் இன்”, பஸ்ஸை விட்டு இறங்கு என்பதற்கு “கெட் ஆஃப்”, எழுந்திரு என்பதற்கு “கெட் அப்”, புரிந்ததா என்பதற்கு “கெட் இட்?”. ஒரு வாரம் எந்தப் படம் பார்த்தாலும் ‘கெட்’ வரும் வசனங்களை மட்டும் பிடித்து வாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன். கூடவே டேக், புட், கிவ், கம், கோ, ஹோல்ட். பள்ளியில் இவற்றைப் படித்துவிட்டோம் என்ற நினைப்பில்தான் கோட்டை விடுகிறோம்.

எந்தப் படத்துல ஆரம்பிக்கிறது?

படத்தின் பெயரைக் கேட்பதைவிடக் காட்சியின் வகையைக் கேளுங்கள். சமையலறை, சாப்பாட்டு மேசை, கடை, ஆஸ்பத்திரி வரவேற்பு, டாக்ஸி, ஓட்டல், வாடகைக்கு வீடு பார்ப்பது, புது ஆளை அறிமுகம் செய்வது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கையில் ஏதாவது பொருள் வைத்துக்கொண்டு பேசும் இடமாக இருந்தால் உத்தமம். குடும்பக் கதைகள், பிள்ளைகளுக்கான அனிமேஷன் படங்கள், இன்றைய காலத்தில் நடக்கும் நகைச்சுவைகள் ஆகியவற்றில் இது தாராளமாகக் கிடைக்கும். சூப்பர் ஹீரோ, ராஜா காலத்துக் கதை, நீதிமன்ற வாதம், போர்ப்படம், இவற்றை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். “ஆட்சேபிக்கிறேன் யுவர் ஆனர்” என்று சொல்லும் தேவை நம்மில் எத்தனை பேருக்கு வரப்போகிறது?

பெயர் சொன்னால்தான் ஆயிற்று என்பவர்களுக்கு ஒன்று: 2004ல் வந்த ‘தி டெர்மினல்’. ஆங்கிலம் தெரியாத ஒருவர் நியூயார்க் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார். ஒரே வழிகாட்டி நூலைத் தன் மொழியிலும் ஆங்கிலத்திலும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுக் கற்கிறார். அவர் தடுமாறுவதால் எதிரில் இருப்பவர்களும் பல இடங்களில் நிறுத்தி, திருப்பிச் சொல்கிறார்கள். வெளிநாடு போகிறவர்களுக்குத் தேவையான கவுன்ட்டர் பேச்சும் உண்டு. அதன் நாயகன் டாம் ஹாங்க்ஸே நடித்து 2000ல் வந்த ‘காஸ்ட் அவே’யை ‘எளிதாகப் புரியும்’ என்று சிலர் சிபாரிசு செய்வார்கள். புரியும்தான். நாயகன் தனித்தீவில் மாட்டிக்கொண்ட பிறகு நெடுநேரம் பேச ஆளே கிடையாது, ஒரு பந்தோடு பேசுகிறார். நல்ல படம், நம் காரியத்துக்கு உதவாது.

ஒரு காட்சியை எப்படிப் பாக்கணும்? படிப்படியா சொல்லுங்க.

இந்தப் பக்கத்துக்காக ஒரு சின்னக் காட்சியை நானே எழுதுகிறேன். காலை, அம்மா அவசரமாகக் கிளம்புகிறார், பையன் படுக்கையில்.

“கம் ஆன், கெட் அப். யூ ஆர் கோயிங் டு மிஸ் தி பஸ்.”
“ஐம் அப், ஐம் அப்.”
“புட் யுவர் ஷூஸ் ஆன். அண்ட் டேக் தட் ஷர்ட் ஆஃப், இட்ஸ் டர்ட்டி.”
“வேர் இஸ் மை பேக்?”
“வேர் யூ லெஃப்ட் இட்.”

முதலில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அந்த அம்மா தமிழில் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே பேசுங்கள். “எந்திரிடா, பஸ் போயிடும்.” “சட்டையக் கழட்டு, அழுக்கா இருக்கு.” “எங்க வச்சியோ அங்கதான் இருக்கும்.” இது விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் பொருள் முன்பே மனதில் வந்து உட்கார்ந்துவிடுவதால், அடுத்த முறை சத்தத்தோடு கேட்கும்போது காது சொற்களை மட்டும் தேடினால் போதும்.

இரண்டாம் முறை சத்தம் உண்டு, திரையின் அடியில் ஓடும் எழுத்து (சப்டைட்டில்) வேண்டாம். எத்தனை பிடிபடுகிறதோ பிடிபடட்டும். மூன்றாம் முறை ஆங்கில எழுத்தோடு, வரிக்கு வரி நிறுத்தி. இங்கேதான் பாடப்புத்தகத்தில் பார்க்காத ஒன்றைப் பார்ப்பீர்கள். புத்தகத்தில் ‘புட் ஆன்’ ஒட்டி நிற்கும். பேச்சில் நடுவே ஷூ நுழைந்து ‘புட் யுவர் ஷூஸ் ஆன்’ என்று பிரிந்துவிடுகிறது. ‘டேக் ஆஃப்’ கதையும் அதுவே. பிரிந்த இரண்டையும் ஒரே சொல்லாகக் காது பிடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

நாலாவது, நடிகர் பேசும்போதே கூடச் சேர்ந்து வாய்விட்டுச் சொல்வது. அவருடைய இழுப்பு, அவசரம், எரிச்சல் எல்லாவற்றோடும். கடைசியாக, வசனத்தை உங்கள் ஊருக்கு மாற்றுவது: “யூ ஆர் கோயிங் டு மிஸ் தி மயிலாடுதுறை பஸ்.” “டேக் தட் ஹெல்மெட் ஆஃப்.” “வேர் இஸ் மை ஆதார் கார்டு?” “வேர் யூ லெஃப்ட் இட்.” இந்தக் கடைசிப் படியை விட்டால் முதல் நாலும் வீண். நடிகரின் வசனம் நடிகரிடமே தங்கிவிடும்.

சப்டைட்டில் தமிழிலா இங்கிலீஷிலா?

தமிழ் எழுத்து ஓடினால் கண் அதைத்தான் படிக்கும், காது தூங்கிவிடும். கதை புரிய முதல் தடவை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு ஆங்கிலப் பேச்சு, ஆங்கில எழுத்து. கேட்கும் மொழியிலேயே எழுத்து ஓடினால் படிப்பும் வளரும் என்ற எண்ணத்தில் பிரிஜ் கோத்தாரி என்பவர் 1990களில் நம் நாட்டிலேயே முயற்சி தொடங்கினார். சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் எழுத்து ஓடவிடுவது அவர் வழி. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களை வேகமாகப் படிக்க வைப்பது அவர் நோக்கம். நமக்கும் அது பொருந்துகிறது.

கொஞ்ச நாள் போனதும் எழுத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வளர்ப்பது படிக்கும் பழக்கத்தை.

தமிழ்ப் படத்தை இங்கிலீஷ் சப்டைட்டிலோட பாத்தா பிரயோஜனம் உண்டா?

பலர் நினைப்பதைவிட அதிகம். வசனம் முழுக்கத் தெரிந்த படமாக எடுங்கள். “என்னாச்சு?”, “விடு பாத்துக்கலாம்”, “அதெல்லாம் ஒண்ணுமில்ல”, “சாப்டியா?” என்று நாள் முழுக்க நாம் சொல்பவை ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படுகின்றன என்று தெரிய இதைவிடக் குறுக்குவழி கிடையாது. ஒரு திரையில் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாது என்பதால் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள், நமக்கு அந்தச் சுருக்கமே நல்லது. ஆனால் எல்லா மொழிபெயர்ப்பையும் நம்பிவிட வேண்டாம். நம் ஊர்ப் பழமொழிகள், உறவுமுறைகள் வரும் இடங்களில் சில படங்களின் ஆங்கில எழுத்து வேறு கதை சொல்லும்.

ரொம்ப வேகமாப் பேசுறாங்க. ஒண்ணும் பிடிபடலையே?

வேகத்தைவிட ஒட்டிப் பேசுவதுதான் தொல்லை. ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று புத்தகத்தில் படித்ததை அவர்கள் ‘வாட்டயா கனா டூ’ என்று முடித்துவிடுகிறார்கள். ‘வான்ட் டு’ போய் ‘வானா’ ஆகிறது. நாம் மட்டும் என்ன? ‘என்ன செய்துகொண்டிருக்கிறாய்’ என்று மன்னார்குடியில் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ‘என்ன பண்ணிட்ருக்க’ தானே. புத்தகத் தமிழ் படித்துவிட்டு பெரிய கோயிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் நம் பேச்சைக் கேட்டு விழிப்பதும் இதனால்தான்.

யூடியூபில் வேகத்தை 0.75 ஆகக் குறைக்கலாம். கணினியில் விஎல்சி பிளேயர் வைத்திருந்தால் சதுர அடைப்புக்குறி விசைகளே வேகத்தைக் குறைத்துக் கூட்டும். 0.75க்கும் கீழே போகாதீர்கள், பேச்சு குடிகாரன் உளறல் ஆகிவிடும். யூடியூபில் போன் திரையின் இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டினால் பத்து விநாடி பின்னால் போகும். இந்தப் பயிற்சியில் அதிகம் தேயப்போவது அந்த இடம்தான்.

நம்ம நாக்குக்கு அவங்க மாதிரி வருமா சார்?

அவர்கள் மாதிரி எதற்கு? எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதாதா? கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் 1869ல் பிறந்த சீனிவாச சாஸ்திரி ஆங்கிலச் சொற்பொழிவுக்காக ‘வெள்ளி நாக்கு’ என்று பெயர் வாங்கியவர். காவிரித் தண்ணி குடித்த நாக்குதான். கவனிக்க வேண்டியது அழுத்தத்தை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஒரு அசை ஓங்கும், மற்றவை அமுங்கும். நாம் எல்லா அசையையும் ஒரே அளவாகச் சொல்லிப் பழகியவர்கள். நடிகரோடு சேர்ந்து பேசும்போது எழுத்தொலியைவிட இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடியுங்கள்.

அமெரிக்கப் படமா, பிரிட்டிஷ் படமா?

இரண்டும் பாருங்கள், குழப்பிக்கொள்ளாமல். பிரிட்டிஷ்காரர்களுக்கு லிஃப்ட், அமெரிக்கர்களுக்கு எலிவேட்டர். பிரிட்டிஷ்காரர்களுக்கு பெட்ரோல், அமெரிக்கர்களுக்கு கேஸ். நாம் டிக்கி என்பது லண்டனில் பூட், நியூயார்க்கில் ட்ரங்க். சில இடங்களில் சங்கடமும் உண்டு. அமெரிக்கரிடம் பென்சில் அழிக்க ரப்பர் கேட்டால் ஆணுறை கேட்பதாக எண்ணுவார், ‘இரேசர்’ என்று கேளுங்கள். லண்டனில் ‘பேன்ட்ஸ்’ என்றால் உள்ளாடை.

நம் ஊரில் மட்டும் உயிரோடு இருப்பவையும் உண்டு. ஸ்டெப்னி என்று இங்கே மெக்கானிக் பையன்கூடச் சொல்கிறான். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த பெயர் அது. படத்தில் ‘ஸ்பேர்’ என்றுதான் கேட்பீர்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘குட் நேம்’ இரண்டும் நம் நாட்டுக்குள் செல்லுபடியாகும். வெளியே ‘அவுட் ஆஃப் டவுன்’, வெறும் ‘நேம்’.

எத்தனை வார்த்தை தெரிஞ்சா படம் புரியும்?

ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2009ல் 318 படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர்களைத் தெரிந்தவையாக வைத்துக்கொண்டால், அதிகம் புழங்கும் 3000 சொற்குடும்பங்கள் தெரிந்தவருக்கு ஏறக்குறைய 95 சதவீதம் தெரிந்த சொல்லாக இருக்கும் என்று கண்டார்கள். சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதன் திரிபுகளும். 95 என்றால் இருபது சொல்லுக்கு ஒன்று தெரியாது என்றும் பொருள். அதனால் எல்லாம் தெரிந்த பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர் கடைசிவரை பார்க்கமாட்டார்.

நோட்டுல எழுதி மனப்பாடம் செய்யணுமா?

எழுதுங்கள், ஒரு காட்சிக்கு நாலைந்து வரி மட்டும். தனிச்சொல்லாக எழுதாமல் முழு வசனமாக, பக்கத்திலேயே நீங்கள் மாற்றிய ஊர் வசனத்தையும். அர்த்தம் எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, யார், எங்கே, எப்போது சொன்னார் என்று குறியுங்கள்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரங்களில்தான் வேகமாக வேலை செய்கிறது, பிறகு நிதானமாகிவிடுகிறது. ஆகவே அன்று இரவே ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை, பிறகு மூன்று நாள், ஒரு வாரம் என்று தள்ளிப் பாருங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரம் ஒன்று போதும், ஒரு வாரத்து வசனங்களைப் புரட்டிவிடலாம்.

பேசிப் பாக்க ஆள் இல்லையே?

கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசுங்கள். வேலை செய்துகொண்டே, செய்கிற வேலையை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். “ஐம் டர்னிங் ஆஃப் தி ஸ்டவ். ஐம் புட்டிங் தி லிட் பேக் ஆன்.” வீட்டில் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு 48 வயசு. வயல் வேலை வேற. இனிமே வருமா?

உச்சரிப்பு சின்னப் பிள்ளைக்கு வருவது மாதிரி வராமல் போகலாம். சொல் சேர்ப்பதற்கு வயது தடையில்லை. தடை நேரம்தான். ஜூன் 12ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கி வகுப்பில் பாதி நாற்காலி காலியாகும், அது எனக்குத் தெரியும். நடவு, அறுவடை நாட்களில் புதுக் காட்சி எடுக்காதீர்கள். பழைய காட்சியின் சத்தத்தை மட்டும் போனில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று. ஹாலிவுட்டில் நாற்றங்கால் கிடையாது. உங்களுக்கு வேண்டிய நர்சரி, டிரான்ஸ்பிளான்டிங் (நடவு), வீட் (களை), ஹார்வெஸ்ட் (அறுவடை) எல்லாம் படத்தில் கிடைக்காது. (நெல்லின் ஈரப்பதத்தைச் சொல்லும் ‘மாய்ஸ்ச்சர்’ மட்டும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 17 சதவீதம் என்று கொள்முதல் நிலையத்தில் கேட்டுக் கேட்டு டெல்டாவே மனப்பாடம் செய்த சொல் அது.) பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஆங்கிலத்தில் விளக்க வீடியோக்கள் வெளியிடுகிறது. அவற்றை மேலே சொன்ன ஐந்து படிகளிலேயே பாருங்கள். காட்டும் வேலை உங்களுக்கு அத்துப்படி என்பதால் மொழி மட்டும்தான் புதிது. சொல்லப்போனால் இதில் கல்லூரிப் பையனைவிட நீங்கள் முன்னால் போவீர்கள்.

இன்டர்வியூவுக்கு இது உதவுமா?

காதுக்கு உதவும், எதிரில் கேட்பவர் என்ன கேட்கிறார் என்று பிடிபடும். வாய்க்கு அளவோடு. ‘கனா’, ‘வானா’, ‘யா’ எல்லாம் புரிந்துகொள்ள மட்டும். அங்கே ‘கோயிங் டு’, ‘வான்ட் டு’, ‘எஸ்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். அலுவலகக் காட்சிகளில் மேலதிகாரியிடம் பேசும் இடங்களைத் தேடிப் பிடிப்பது நல்லது. “குட் யூ ப்ளீஸ் ரிபீட் தட்?” என்ற ஒரு வரி பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

படத்துல கெட்ட வார்த்தை நிறைய வருதே?

புரிந்துகொள்ளுங்கள், சொல்லாதீர்கள். எந்தச் சொல் எவ்வளவு கனம் என்பது அந்த மொழியில் வாழ்ந்தால்தான் தெரியும்.

பிள்ளைங்களோட சேந்து பாக்கலாமா?

தாராளமாக. வயது முத்திரையை முதலில் பாருங்கள், காட்சியை நீங்கள் ஒரு முறை தனியாகப் பார்த்துவிடுங்கள். பிறகு பிள்ளை ஒரு பாத்திரம், நீங்கள் ஒரு பாத்திரம். அம்மா வசனத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, படுக்கையை விட்டு எழ மறுக்கும் பையன் வேஷத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். “கெட் அப்” என்று உங்களை அதட்டக் கிடைத்த வாய்ப்பை எந்தப் பிள்ளையும் விடாது, நாலு தடவை கேட்டு வாங்கிச் சொல்லும்.